‘பேர்பெக்ற்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலாண்டுகளிலேயே அறிந்துகொள்ளும் பெயரடைகளுள் ‘பேர்பெக்ற்’ என்பதும் ஒன்று. பிழை யாதுமில்லாத கொப்பியின் அடியிலே ஆசிரியர் சிவப்பு மையினால் எழுதும் சொல் அது. ஆகவே ‘குற்றமற்றது, மாசற்றது, அதனின் மேலானது பிறிதில்லாதது’ என்னும் பொருளே அவன் மனத்தில் முதலிற் பதிகின்றது. பெரும்பாலும் அதுவே இறுதிவரை நின்றுவிடுகின்றது. இப்பொருள் பிழையன்று. ஆயினும் இஃது அச்சொல்லின் முதற்பொருளும் அன்று. இப்பொருள் ஒன்றையே துணையாகக் கொண்டு ஆங்கில நூல்களினுட் புகுவோன் வழியிற் பலமுறை இடறி விழ நேரிடும்.

சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்திலே விருந்துக் காட்சி ஒன்று உண்டு. மக்பெத் ஏவிய கொலையாளி வந்து, பாங்கோ இறந்தான், ஆனால் அவன் மகன் பிளியன்ஸ் தப்பிவிட்டான் என்று அறிவிக்கின்றான். மைந்தனும் மடிந்திருப்பின் தான் ‘பேர்பெக்ற்’ ஆக இருந்திருக்கலாம் என்று மக்பெத் அதற்கு மறுமொழி கூறுகின்றான். அரசனைக் கொன்று, நண்பனையும் கொல்வித்த ஒருவன், ஒரு சிறுவனையும் கொன்றிருந்தால் மாசற்றவனாகியிருப்பேன் என்று கூறுவானா? குற்றமற்றவன் என்று இச்சொல்லுக்கு உரை எழுதும் மாணவன் நாடகத்தையே தலைகீழாக்கிவிடுகின்றான். மக்பெத் கருதியது வேறு. எடுத்த கருமம் முற்றுப்பெற்றிருக்கும், மனத்தில் ஒரு குறையும் எஞ்சியிராது என்பதே அவன் கருத்து. குணத்தைப் பற்றிய பேச்சே அங்கில்லை.

இச்சொல்லின் பிறப்பை நோக்கினால் மக்பெத் வழுப்படப் பேசவில்லை என்பது புலனாகும். இலத்தீன் மொழியிலே ‘பக்கெரே’ என்பது செய்தல் என்னும் வினை. ‘பெர்’ என்னும் முன்னொட்டு ‘ஊடாக, இறுதிவரை’ என்னும் பொருளது. இவ்விரண்டுஞ் சேர்ந்த ‘பெர்பிக்கெரே’ என்பது இறுதிவரை செய்தல், செய்து முடித்தல் எனப் பொருள்படும். அதன் எச்ச வடிவமே ‘பெர்பெக்துஸ்’. அதாவது செய்து முடிக்கப்பட்டது. பிரெஞ்சு மொழியூடாக இஃது ஆங்கிலத்திற்கு வந்தபோது ‘பார்பிற்’ என்னும் உருவைக் கொண்டிருந்தது. பதினான்காம் நூற்றாண்டுப் புலவராகிய சோசர் தம் கதைத்தொகுதியில் வரும் வீரனுக்கு இவ்வுருவத்தையே அடைமொழியாக்கினார். பிற்காலத்து அறிஞர் இலத்தீன் மூலத்தை நினைந்து, இடையில் இழந்த ககர ஒலிக்குரிய எழுத்தை மீண்டும் எழுத்துக்கூட்டலிலே புகுத்தினர். மக்களும் எழுதியவாறே ஒலிக்கலாயினர். எழுத்தைத் திருத்தினால் நா எப்போதும் பணிந்துவிடும் என்று எண்ணற்க. உணவுப் பொருளைக் குறிக்கும் ‘விற்றில்ஸ்’ என்னும் சொல்லுக்கும் அவர்கள் அவ்வாறே ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். அதை இன்றுவரை எவரும் ஒலிப்பதில்லை.

முழுமை பற்றிய இன்னோர் ஆங்கிலப் பெயரடையாகிய ‘கொம்பிளீற்’ என்பதனோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். அதன் பகுதி, நிரப்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. வடமொழிப் ‘பூர்ண’ என்பதும், ஆங்கில ‘புல்’ என்பதும், இவ்விலத்தீன் வினையும் ஒரே தொல்வேரிற் கிளைத்தவை என்பது ஒப்பியல் மொழிநூலார் துணிபு. எனவே தமிழில் வழங்கும் ‘பூரணம்’, ‘கொம்பிளீற்’ என்பதற்குத் தூரத்து உறவாகும்; ‘பேர்பெக்ற்’ என்பதற்கு அன்று. ஒன்று குடம் நிரம்புவதைக் காட்டுகின்றது. மற்றையது தச்சன் கடைசி ஆணியை அறைந்துவிட்டு உளியைக் கீழே வைப்பதைக் காட்டுகின்றது. தமிழிலே முன்னையதற்கு ‘நிறைதல்’ என்பதும், பின்னையதற்கு ‘முற்றுதல்’ என்பதும் அணுக்கமான சொற்கள்.

‘முற்றுதல்’ என்னும் தமிழ்ச் சொல்லின் போக்கு ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. தேங்காய் முற்றினால் நன்மை; துருவிப் பால் பிழியலாம். முருங்கைக்காய் முற்றினால் விதைக்கு ஆகும், கறிக்கு ஆகாது. நோய் முற்றுகின்றது, பேச்சு முற்றிக் கைகலப்பாகின்றது, கலி முற்றிவிட்டது என்று முதியோர் பெருமூச்சு விடுகின்றனர். ஒரு பொருள் தன் போக்கின் எல்லையை எய்திற்று என்பதை மட்டுமே இச்சொல் கூறுகின்றது. அவ்வெல்லை நன்றோ தீதோ என்பது அப்பொருளைப் பொறுத்தது. ‘பேர்பெக்ற்’ என்பதன் பழைய இயல்பும் இதுவே.

இதனை மிகப் பழங்காலத்திலேயே தெளிவாக வகுத்துக் காட்டியவர் அரிஸ்டோட்டில். ‘பேர்பெக்ற்’ என்பதற்கு நேரான கிரேக்கச் சொல் ‘தெலெயோஸ்’. இறுதி, இலக்கு என்று பொருள்படும் ‘தெலோஸ்’ என்பதனடியாகப் பிறந்தது. ‘மெற்றாபிசிக்ஸ்’ எனப்படும் நூலின் ஐந்தாம் பாகத்திலே அவர் இச்சொல்லின் பொருள்களைப் பிரித்தோதுகின்றார். தன் உறுப்புகளுள் ஒன்றேனும் தனக்குப் புறம்பே இல்லாதது ஒன்று; தன் இனத்தில் தன்னை விஞ்சுவது இல்லாதது ஒன்று; தன் இலக்கை அடைந்துவிட்டது ஒன்று. இவ்வளவோடு நில்லாது, இச்சொல்லைத் தீயவற்றின் மேலும் ஏற்றி, முழுமை பெற்ற திருடன் என்று வழங்குவதுண்டு எனவும் அவர் காட்டுகின்றார். திருட்டுக்குரிய இலக்கணங்களுள் ஒன்றும் அவனிடம் குறைவில்லை. ஆகவே அப்பெயர் அவனுக்குப் பொருந்தும்.

அரிஸ்டோட்டிலின் திருடன் இன்றும் ஆங்கிலத் தெருவில் உலாவுகின்றான். ‘பேர்பெக்ற் பூல்’ என்றால் சிறந்த மூடன் அல்லன், முழுமூடன். தமிழர் ‘வடிகட்டின முட்டாள்’ என்பரே, அவன். ‘பேர்பெக்ற் ஸ்ரேஞ்சர்’ என்பதைப் ‘பண்பிற் குறைவற்ற அந்நியர்’ என்று மொழிபெயர்க்கும் மாணவர் உளர். முன்பின் அறியாதவர் என்பதே அதன் பொருள். ‘பேர்பெக்ற் நொன்சென்ஸ்’ என்று ஓர் ஆங்கிலேயர் கூறினால், கூறப்பட்டவர் மகிழ்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. இவ்விடங்களிலெல்லாம் ‘முழு’ என்னும் அடையே தமிழுக்கு இயல்பாகப் பொருந்துகின்றது: முழுப்பொய், முழுச்சோம்பேறி, முழுக்கள்ளன். பேச்சு வழக்கைப் புறக்கணித்து உயர்ந்த சொற்களையே தேடும் மொழிபெயர்ப்பாளன் இத்தகைய இடங்களிலேதான் வழுக்கி விழுகின்றான்.

சாத்திர நூல்களில் இப்பழம்பொருள் மாசுபடாது காப்பாற்றப்பட்டிருக்கின்றது. கணித நூலார் ஓர் எண்ணை அதனின் சிறிய வகுத்திகள் யாவும் கூடி அவ்வெண்ணையே தருமாயின் ‘பேர்பெக்ற்’ எண் என்பர். ஒன்றும் இரண்டும் மூன்றும் கூடினால் ஆறு. ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கு ஆகியன கூடினால் இருபத்தெட்டு. கிரேக்கர் 6, 28, 496, 8128 என்னும் நான்கினையே அறிந்திருந்தனர். 2024ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டதோடு இத்தகைய எண்கள் 52 தெரியவந்துள்ளன. அனைத்தும் இரட்டை எண்கள். ஆறு என்னும் எண்ணிலே தனி அழகு ஒன்றுமில்லை. உறுப்புகள் கூடி மிகாமலும் குறையாமலும் முழுதை ஆக்கிவிடுகின்றன, அவ்வளவே. எனினும் முழுமை என்றவுடன் மேன்மையையும் நினையாதிருத்தல் மனிதருக்கு அரிது போலும். இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்ததனால் ஆறு முழுமை எய்தவில்லை, ஆறு முழுமையான எண்ணாதலின் இறைவன் ஆறு நாளிற் படைத்தார் என்று அகுஸ்தீனார் எழுதினார்.

தாவரவியலார் செய்யும் பிரிப்பு இன்னும் நுட்பமானது. மகரந்தத்தைத் தரும் கேசரமும் சூலைத் தாங்கும் யோனியும் ஒருங்கே அமைந்த பூ ‘பேர்பெக்ற்’ ஆகும். புல்லி, அல்லி, கேசரம், யோனி என்னும் நான்கு வட்டமும் அமைந்தது ‘கொம்பிளீற்’ ஆகும். செவ்வரத்தம் பூ இரண்டு பெயருக்கும் உரியது. நெற்பூவோ இதழ் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாதது. பூவென்று எவரும் அதனைச் சூடுவதுமில்லை. ஆயினும் ஆறு கேசரங்களும் ஒரு யோனியும் அதனுள் இருத்தலால் அது ‘பேர்பெக்ற்’. நான்கு வட்டமும் இன்மையாற் ‘கொம்பிளீற்’ அன்று. பூசணியின் பொன்னிறப் பூ எத்துணைப் பொலிவுடையதாயினும், ஆண்பூ வேறு பெண்பூ வேறாதலால், ‘இம்பேர்பெக்ற்’ எனப்படும். தென்னம்பாளையில் இருவகைப் பூக்களும் தனித்தனியே அமைகின்றன. பனையிலோ மரமே ஆண்பனை, பெண்பனை எனப் பிரிந்துவிடுகின்றது. ஆகவே யாழ்ப்பாணத்துப் பனந்தோப்பு முழுவதையும் தேடினும் ‘பேர்பெக்ற்’ ஆன ஒரு பனம்பூவைக் காண்டல் இயலாது. இதனால் பனைக்கு இழுக்கு யாதுமில்லை. சொல் இங்கே அழகையும் பயனையும் அளக்கவில்லை. இனப்பெருக்கத்துக்கு வேண்டிய இரு கருவியும் ஓரிடத்தில் உளவா என்பதையே வினவுகின்றது.

அச்சுக்கூடத்தாரும் ஒரு தாளின் முதற்பக்கத்தை அடித்தபின் மறுபக்கத்தை அடித்தலை இதே சொல்லை வினையாக்கிக் குறிப்பர். பெயரடையாயின் முதலசையிலும், வினையாயின் ஈற்றசையிலும் அழுத்தம் விழுதல் வழக்கு. அச்சிட்ட மறுபக்கத்திலே பிழைகள் மலிந்திருந்தாலும் அத்தொழிலாளர் கணக்கில் தாள் ‘பேர்பெக்ற்’ ஆகிவிட்டது. சஞ்சிகை அச்சேற்றிய அனுபவமுடையோர் இதன் உண்மையை எளிதில் உணர்வர்.

அங்ஙனமாயின் ‘குற்றமற்ற’ என்னும் பொருள் எங்ஙனம் இத்துணை வலிமை பெற்றது? இலத்தீனிலேயே அதற்கு வித்து இருந்தது. நன்கு செய்து முடித்த பொருளிற் குறை தோன்றாது. எனினும் அவ்வித்துக்கு நீர் வார்த்ததிற் பெரும்பங்கு கிறித்தவ வேதாகம மொழிபெயர்ப்புக்கு உண்டு. பழைய ஏற்பாட்டில் நோவாவைச் சிறப்பிக்கும் எபிரேயச் சொல் ‘தாமீம்’ என்பது. ஊனமற்ற, முழுமையான என்று அது பொருள்படும். பலியிடுவதற்கு உரிய விலங்கு பழுதற்றதாக இருத்தல் வேண்டும் என்று விதிக்குமிடத்தும் அச்சொல்லே வருகின்றது. புதிய ஏற்பாட்டின் மலைப்பிரசங்கத்திலே, தந்தையைப் போல நீங்களும் ஆகுங்கள் என்று பணிக்குமிடத்திலுள்ள கிரேக்கச் சொல், முன்னர்க் கண்ட ‘தெலெயோஸ்’. ஒன்று ஊனமின்மையை நோக்குகின்றது. மற்றையது இலக்கையடைந்த முதிர்ச்சியை நோக்குகின்றது. இலத்தீன் மொழிபெயர்ப்பிலே ஈரிடத்தும் ‘பெர்பெக்துஸ்’ என்னும் ஒரே சொல் அமைந்தது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திலும் ஈரிடத்தும் ‘பேர்பெக்ற்’ என்றே வந்தது. இரண்டு ஆறுகள் கலந்தபின் எந்நீர் எவ்வாற்றினது என்று பிரிக்க யாரால் இயலும்? தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் ஆங்கிலத்தினும் நுட்பமாக நடந்துகொண்டனர் என்று துணிந்து கூறலாம். பெருவழக்கிலுள்ள தமிழ் வேதாகமத்தில் நோவா ‘உத்தமன்’ எனப்படுகின்றான். மலைப்பிரசங்கத்தில் வருவதோ ‘பூரண சற்குணர்’ என்னும் தொடர். பூரணம் என்பது மட்டுமே நின்றால் எதிற் பூரணம் என்ற வினா எழும் என்று கருதிப் போலும், சற்குணத்தை அவர்கள் உடன் சேர்த்தனர்.

பொருள்கள் இவ்வாறு கலந்ததன் விளைவு அகராதியோடு நின்றுவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி, கிறித்தவன் இவ்வுலக வாழ்விலேயே ‘பேர்பெக்சன்’ என்னும் நிலையை அடைதல் கூடும் என்று போதித்தார். கேட்டோர் பலர் வெகுண்டனர். மனிதன் குற்றமற்றவன் ஆவதா? இஃது அகந்தையன்றோ என்றனர். அறியாமையும், தவறிழைத்தலும், உடற்பலவீனமும், சோதனைகளும் அந்நிலையை அடைந்தாரை விட்டு நீங்கா என்று வெஸ்லி மீண்டும் மீண்டும் விளக்கவேண்டியதாயிற்று. இறைவனிடத்தும் பிறரிடத்தும் கொள்ளும் அன்பு முழுமையடைதலையே அவர் அச்சொல்லாற் குறித்தார். 1766இல் இதற்கெனவே ஒரு நூலை வெளியிட்டார். எனினும் வாதம் ஓயவில்லை. அவர் கிரேக்க நூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கேட்டோர் தெருவில் வழங்கும் ஆங்கிலத்தைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டனர். இருதிறத்தார்க்குமிடையே உண்மையான கொள்கை வேறுபாடு இல்லை என்பதன்று. இருந்த வேறுபாட்டை ஒரு சொல் மேலும் பெருக்கிற்று என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

இனி, வகுப்பறையில் இச்சொல் மிகுதியும் வழங்கும் இடம் வினைச்சொல்லின் காலம். முற்றுப்பெறாத செயல், முற்றுப்பெற்ற செயல் என்று இலத்தீன் வினைகளை இருபாற்படுத்தி நோக்கியவர் கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாரோ என்னும் அறிஞர். அவர் வழியிற் பின்னெழுந்த இலக்கணங்கள் இறந்தகாலத்தை ‘இம்பேர்பெக்ற்’, ‘பேர்பெக்ற்’, ‘புளூபேர்பெக்ற்’ என மூன்றாக்கின. இலத்தீனுக்குத் தைத்த சட்டையை ஆங்கில இலக்கணகாரர் தம் மொழிக்கும் அணிவித்தனர். சட்டை சில இடங்களில் தொளதொளத்தது. சில இடங்களில் இறுகிற்று.

தமிழ் மாணவனுக்கு இதில் இரட்டைத் தொல்லை. தமிழிலக்கணத்தில் ‘வினைமுற்று’ என ஒன்று உண்டு. ‘பேர்பெக்ற்’ என்றால் முற்றுப்பெற்றது என்று ஆசிரியர் விளக்கியவுடன் அவன் இரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றான். ‘வருகின்றான்’ என்பது வினைமுற்று. ஆனால் வருதல் என்னும் செயல் இன்னும் முற்றவில்லை. ‘வந்து’ என்பது வினையெச்சம். ஆனால் அச்செயல் முடிந்துவிட்டது. தமிழிலக்கணகாரர் முற்று என்றது வாக்கியத்தின் முடிவை. இலத்தீனார் முற்று என்றது செயலின் முடிவை. பெயர் ஒத்திருத்தலைக் கண்டு பொருளும் ஒக்கும் எனக் கொள்ளலாகாது.

‘அவன் நேற்று வந்திருக்கிறான்’ என்பது தமிழில் வழுவற்ற வாக்கியம். நேரிற் காணாதவர், கதிரையிற் கிடக்கும் குடையைக் கண்டு இவ்வாறு கூறுவர். இதனை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘ஹாஸ் கம்’ என்பதனோடு ‘யெஸ்ரடே’ என்பதைச் சேர்த்து எழுதும் மாணவன் ஆண்டுதோறும் புள்ளி இழக்கின்றான். முடிந்துபோன ஒரு நாளின் பெயரை ஆங்கிலத்து நிகழ்காலப் ‘பேர்பெக்ற்’ தன் அருகில் அண்டவிடாது. செயல் முடிந்ததை மட்டுமன்றி, அம்முடிவு இக்கணத்தைத் தொட்டுநிற்பதையும் அவ்வடிவம் கூறுகின்றது. ‘நேற்று’ என்றவுடன் அத்தொடர்பு அறுந்துவிடுகின்றது.

இதற்கு மறுதலையான வழு ஒன்றும் உண்டு. ‘பத்து ஆண்டுகளாக இங்கு வசிக்கிறேன்’ என்று தமிழன் நிகழ்காலத்தாற் கூறுவதை ஆங்கிலத்தில் ‘பேர்பெக்ற்’ வடிவத்தாற் கூறவேண்டும். மாணவனோ தயங்குகின்றான். ‘பேர்பெக்ற்’ என்றால் முடிந்த செயல் என்று கற்றேனே. என் வாசம் இன்னும் முடியவில்லையே, இங்கு அதனை எங்ஙனம் இடுவது? அவன் கேள்வி நியாயமானது. குற்றம் அவனுடையதன்று, பெயரை இட்டவர்களுடையது. பெயரையே வரைவிலக்கணமாகக் கற்பிப்பதை விடுத்து, கடந்த காலத்தில் தொடங்கியதொன்று இப்பொழுதை எட்டுகின்றதா என்று பார்க்கக் கற்பித்தால், இவ்விரு வழுக்களும் ஒருங்கே நீங்கும். செயலின் முடிவை அழுத்திக் கூறும் தமிழ் வடிவம் ‘வந்துவிட்டான்’ என்பதே என்பதையும் உடன் காட்டுதல் நன்று.

‘புளூபேர்பெக்ற்’ என்னும் பெயரிலே ஒரு வேடிக்கை உண்டு. இலத்தீன் மூலத்தில் அதன் பொருள் ‘பேர்பெக்ற்றினும் மிகுந்தது’ என்பது. ‘பேர்பெக்ற்’ என்னும் பெயரடைக்கு ஒப்புத்தரமும் உச்சத்தரமும் இல்லை என்று விதித்தவர்களும் இலக்கணகாரரே. 1795இல் வெளிவந்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பன்னெடுங்காலம் பாடநூலாக விளங்கிய லின்ட்லி மறேயின் இலக்கணம், தம்முள்ளே உச்சப்பொருளை அடக்கிய சொற்கள் மேலும் ஒப்பீட்டை ஏலா என்று கூறி, அவற்றின் வரிசையில் இதனையும் சேர்த்தது. குற்றமற்றது என்பதே பொருளாயின் விதி சரியானது. குற்றமின்மையிற் கூடுதலும் குறைதலும் இல்லை. முற்றுதல் என்பது பொருளாயின் விதி நில்லாது. ஒரு வேலை முற்றுப்பெறுதலை நெருங்கலாம், இன்னும் நெருங்கலாம். ‘மோர் பேர்பெக்ற்’ என்று எழுதிய மாணவனின் தொடரைச் சிவப்பு மையால் வெட்டும் ஆசிரியர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் யாப்பையும் வெட்டவேண்டியிருக்கும்.

மறேயின் இலக்கணம் தோன்றுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1787இல், பிலடெல்பியாவிற் கூடியோர் தம் யாப்பின் முகவுரையிலே, அதனை இயற்றும் நோக்கங்களுள் முதலாவதாக, ‘மோர் பேர்பெக்ற்’ ஆன ஓர் ஒன்றியத்தை அமைத்தலைக் குறித்தனர். முகவுரையின் சொல்லமைப்பிற் பெரும்பங்கு கவெர்னர் மொறிஸ் என்பாருடையது. பழைய ஒன்றியம் ஒன்று அப்பொழுதே இருந்தது. பதின்மூன்று அரசுகள் உடன்பட்ட அவ்வமைப்பின் பத்திரம் தன் தலைப்பிலேயே அவ்வொன்றியம் நிரந்தரமானது என்று கூறிற்று. ஆயினும் வரி விதிக்கும் அதிகாரமும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் அதற்கில்லை. தொடங்கிவிட்டு இடையில் நிறுத்திய வீடு போன்றது அது. கூரை வேய்தலே மொறிசும் அவர்தம் துணைவரும் மேற்கொண்ட பணி. ஆகவே ‘முன்னையதிலும் முற்றுப்பெற்ற’ என்பதே அத்தொடரின் நேர்பொருள். குற்றமற்றதிலும் குற்றமற்றதை அமைக்கப் புறப்பட்ட அறிவிலிகள் அல்லர் அவர்கள்.

எழுபத்துநான்கு ஆண்டுகளின் பின், அடிமை முறையைக் காக்க முற்பட்ட தென்னரசுகள் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபோது, இப்பெயரடை ஒரு போரின் வாயிலில் வந்து நின்றது. 1861ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆபிரகாம் இலிங்கன் பதவியேற்று நிகழ்த்திய உரையில் இச்சொல்லைக் கொண்டே ஒரு வாதம் அமைத்தார். பழைய ஒன்றியம் நிரந்தரமானது. புதியது அதனினும் ‘பேர்பெக்ற்’ ஆகும்படி அமைக்கப்பட்டது. ஓர் அரசு தன் விருப்பப்படி விலகலாமெனின் நிரந்தரம் என்னும் உயிர்ப்பண்பை ஒன்றியம் இழந்துவிடும். இழப்பின் அது முன்னையதிலும் குறைந்த ‘பேர்பெக்ற்’ ஆகும். அஃது எங்ஙனம் பொருந்தும்? மறேயின் விதிப்படி கூடுதலும் இல்லை, குறைதலும் இல்லை. அவ்விதியை இலிங்கன் மதித்திருந்தால் வாதமே எழுந்திராது. அடுத்த மாதம் பீரங்கிகள் முழங்கின. நான்கு ஆண்டுகளிலே ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

போர் ஓய்ந்த பின்னர் அவ்வாதம் நீதிமன்றத்துக்கும் வந்தது. போர்க்காலத்திலே ரெக்சாஸ் அரசின் கிளர்ச்சி ஆட்சியாளர் தம் வசமிருந்த ஐக்கிய நாட்டுக் கடன்பத்திரங்களைக் கைமாற்றியிருந்தனர். அவற்றை மீட்டுத்தருமாறு ரெக்சாஸ் வழக்குத் தொடுத்தது. ஒன்றியத்தை விட்டு விலகியதாகத் தானே அறிவித்த ஓர் அரசு, ஒன்றியத்தின் உயர் நீதிமன்றத்தில் வழக்காட உரிமை உடையதா? 1869இல் தீர்ப்புரைத்த பிரதம நீதியரசர் சேஸ், நிரந்தரமாய் இருந்த ஒன்றியம் மேலும் ‘பேர்பெக்ற்’ ஆக்கப்பட்டபின் அதனைப் பிரித்தல் எங்ஙனம் கூடும் என்னும் நியாயத்தை முன்வைத்து, ரெக்சாஸ் ஒருபொழுதும் ஒன்றியத்துக்குப் புறம்பாகவில்லை என்றார். விலகற் பிரகடனம் செல்லாதாயிற்று. பத்திரக் கைமாற்றமும் செல்லாதாயிற்று. நீதியரசர் கிரையர் உடன்படவில்லை. ரெக்சாஸ் அரசாக இருந்ததா இல்லையா என்பதை நடந்த நிகழ்ச்சிகளை நோக்கித் துணியவேண்டுமேயன்றிச் சட்டப் புனைவினால் துணியலாகாது என்பது அவர் கொள்கை. அவரோடு மேலும் இருவர் மாறுபட்டனர். எஞ்சிய ஐவரின் தீர்ப்பே நிலைத்தது.